ராணித் தொட்டி

கேட்காமலே உதவி செய்கிற ஆளை நீங்கள் நம்புவீர்களா அக்கா?

ஐயோ, உங்களைச் சொல்லவில்லை. மடியில் வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று நீங்கள் சொன்னது நல்ல மனசு. ஆனாலும் இதை நானே வைத்துக்கொள்கிறேன். கனம் ஒன்றும் கிடையாது. எல்லாம் பேப்பர், உள்ளே இருக்கிற மண்ணுதான் கொஞ்சம் கனம். இந்த டிரைவர் பிரேக் போடுகிற போடுக்கு உங்கள் கையிலிருந்து விழுந்தால் நான் உங்களைச் சந்தேகப்படுவேன். என் கையிலிருந்து விழுந்தால் டிரைவரோடு போய்விடும். அவர் நமக்கு யாரோதானே.

சிரிப்புக்குச் சொன்னேன். நான் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், மாரீஸ்வரியா, அது வெள்ளந்தியான பிள்ளை என்பார்கள். அப்படிச் சொல்லாதவர்கள் யார் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

நீங்கள் சங்கரன்கோவில் வரைக்குமா? நாங்கள் கழுகுமலையில் இறங்கிவிடுவோம். சன்னலோரம் இருக்கிறாளே, அவள் என் மகள் தன்ஷிகா. யு.கே.ஜி. படிக்கிறாள். கண்ணை மூடியிருக்கிறாளே தவிர, தூங்குகிறாளா கேட்டுக்கொண்டிருக்கிறாளா என்று பெற்ற எனக்கே தெரியாது.

இருங்கள், துண்டை விலக்கிக் காட்டுகிறேன். பூந்தொட்டிதான். முகம் போட்ட தொட்டி. மண்டையில் முளைத்து நிற்கிறதே, அது கேழ்வரகுப் பயிர். முளைப்பாரிக்கு விதைக்கிற மாதிரி நெருக்கி விதைத்தது. அதுதான் தலைமுடி. இன்னும் இரண்டு மூன்று நாளில் சாய்ந்துவிடும், அதற்குள் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றுதான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு இந்த ஓட்டம்.

இது ஒரு ராணி. எந்த ஊர் ராணி என்கிறீர்களா? அதில்தான் அக்கா வில்லங்கமே.

இவள் பள்ளிக்கூடத்திலிருந்து போனில் ஒரு தகவல் வந்தது. கண்காட்சி வைக்கிறார்களாம். பிள்ளைக்குப் பிடித்த ஒரு ஆள் உருவத்தில், வீட்டில் வீணாகக் கிடக்கிற பேப்பரை வைத்து, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து ஒரு பூந்தொட்டி செய்து, செடி வைத்துக் கொண்டுவர வேண்டும். கீழேயே சில படமும் அனுப்பியிருந்தார்கள். கரடி, பூனை, போலீஸ்காரர், ராணி. படத்தைப் பிரிண்ட் எடுத்து, கோட்டோடு வெட்டி, மடித்து ஒட்டினால் ஒரு கூடு வரும். கூட்டுக்கு மேலே காகிதக் கூழைப் பூசிக் காய வைத்தால் தொட்டி.

மற்ற அம்மாமார் எல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நான் சிரித்தேன். ஏனென்றால் எனக்கு வேலையே ஒட்டுகிற வேலைதான். தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறேன். எங்கள் பக்கம் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம், நீங்கள் என்னைப் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். மைதாப் பசை காய்ச்சுவதும், மடிப்புக் கலையாமல் அட்டை மடிப்பதும் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வரும். ஆபீசில் எலி கடிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவோம். பிள்ளை கை வைக்கிற சாமான் என்பதால் நான் அதைப் போடவில்லை. அவ்வளவு யோசித்துச் செய்கிற ஆள் நான்.

"உனக்கு எந்தப் படம்டி வேணும்?" என்று இவளைக் கேட்டேன்.

"ராணி."

"ராணின்னா யாரு?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "சொல்ல மாட்டேன். சர்ப்ரைஸ்."

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு பெண்பிள்ளைக்கு அவள் அம்மாவைத் தவிர வேறு யார் ராணியாக இருக்க முடியும்? நானும் தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். மனசுக்குள் ஒரே கொண்டாட்டம். கடைசியில் கிரீடத்தை ஒட்டப் போனபோது மட்டும் கையைப் பிடித்துவிட்டாள்.

"அது வேண்டாம்மா. எங்க ராணிக்குக் கிரீடம் கிடையாது."

சரிதான், நான் என்ன கிரீடமா வைத்திருக்கிறேன் என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

இப்போது என் ஓரகத்தி உள்ளே வருகிறாள் அக்கா. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, சுந்தரவள்ளி. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான். அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் மாவு அரைக்க மாட்டார்கள், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு "மாவு அக்கா" என்று அவள் வாசலில் வந்து நிற்பார்கள். கறுப்பாக, கனமாக இருப்பாள். மூக்கு அகலம். முகவாயில் ஒரு மரு. மேல்வரிசையில் ஒரு பல் முன்னால் வந்து நிற்கும், அதனால் கையை வைத்துக்கொண்டுதான் சிரிப்பாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. கல்யாணமாகி வருஷம் எத்தனையோ ஆகிவிட்டது. நான் அதைப் பற்றி ஒரு நாளும் பேச மாட்டேன். இப்போதுகூட நீங்கள் கேட்டதால்தான் சொல்கிறேன்.

கேட்கவில்லையா? சரி, மனசில் நினைத்திருப்பீர்கள்.

காகிதத்தை ஊறப்போட்டுவிட்டேன். கையால் பிசைந்தால் திப்பி திப்பியாக நிற்கிறது. வாசலில் உட்கார்ந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், அவளாக வந்தாள். "என்ன மாரி, கையில பிசைஞ்சா எப்ப முடியும்? கிரைண்டர்ல போடு. நான் ஒரு பிடி வெந்தயம் ஊறப்போட்டுருக்கேன், அதையும் சேர்த்து அரை. கூழு நல்லா பிடிக்கும், பூச்சியும் அண்டாது."

யோசித்துப் பாருங்கள். மாவு அரைத்து விற்கிறவள், அந்தக் கிரைண்டரில் பழைய பேப்பரை அரைக்கச் சொல்லுவாளா? அன்றைக்கு அவள் மாவே போடவில்லை. அந்தக் குழவியை அவள் தேய்த்துக் கழுவிய கழுவு இருக்கிறதே, சாயங்காலம் முழுக்கக் கழுவினாள். வந்தவர்களை எல்லாம் "இன்னைக்கு இல்லத்தா" என்று திருப்பி அனுப்பினாள். எதற்காக இவ்வளவும்? கேட்டிருந்தால்கூடச் சரி, நான் கேட்கவே இல்லையே. எனக்கு அப்போதே பொறி தட்டியது.

அதற்கு முன்னாலேயே ஒரு சங்கதி உண்டு. சித்திரையில் இவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தோம். பிழைத்து எழுந்து வீட்டுக்கு வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை சுந்தரவள்ளி இருக்கன்குடி கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள். இடுப்புவரை முடி அவளுக்கு. அவளிடம் அழகு என்று இருந்தது அது ஒன்றுதான். பிள்ளைக்காக நேர்ந்துகொண்டாளாம். என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நான்தானே மொட்டை போட வேண்டும்? இவள் ஏன் முந்திக்கொள்கிறாள்? ஊரே "இப்படி ஒரு பெரியம்மா யாருக்குக் கிடைக்கும்" என்று அவளைச் சுற்றி நின்றது. ஆஸ்பத்திரியில் கண் மூடாமல் கிடந்த நான் ஒரு ஓரமாகக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். இவள் அந்த மொட்டைத் தலையைத் தடவித் தடவி, "எப்ப வளரும் பெரியம்மா, நாளைக்கு வளந்துருமா?" என்று கேட்டுக் கேட்டு அழுகிறாள். என் தலையைத் தடவிப் பார்த்தாளா?

சரி, தொட்டிக்கு வருகிறேன்.

கூழ் பூசி முடித்தாகிவிட்டது. நடுவில் பழைய பிளாஸ்டிக் டப்பாவை இறக்கி, அதைச் சுற்றி மண்டையை உருட்டி, மூக்கு வைத்து, உதடு வைத்து. சின்ன மூக்கு, என் மூக்கு மாதிரி. காய வைக்க வேண்டுமே, என் வீட்டு முன்னால் வேப்பமரம், வெயிலே விழாது. அவள் வீட்டு மாடிப்படியில்தான் மதியம் எல்லாம் வெயில். வேறு வழியில்லாமல் அங்கே வைத்தேன். நான் ஆபீஸ் முடித்து வர விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். இவள் பள்ளிக்கூட வேனில் நாலு மணிக்கே வந்துவிடுவாள். நான் வரும்வரை இருப்பது பெரியம்மாவிடம்தான். அதாவது தொட்டியும் பிள்ளையும் ஒரே ஆள் கையில்.

முதல் நாள் வந்து பார்க்கிறேன், மூக்கு அகலமாகியிருக்கிறது.

ஈரத்தில் அமுங்கியிருக்கும் என்று நினைத்துச் சரிபண்ணி வைத்தேன். நான்தான் சந்தேகப்படுகிற ஆள் இல்லையே. மறுநாள் மறுபடியும் மூக்கு அகலம். அதோடு முகவாயில் ஒரு மரு. அதற்கும் மறுநாள், வாயில் ஒரு பல்! வெள்ளை அட்டையை வெட்டிச் செருகி, முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. நான் அப்படியா அக்கா இருக்கிறேன்? என்னைப் பாருங்கள்.

"யாருடி இதைப் பண்ணுனது?"

"நான்தான்."

"யார் சொல்லிக்குடுத்தா?"

தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அது போதும். தன் முகத்தில் இருக்கிற குறை ஒவ்வொன்றையும் எடுத்து என் முகத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள் அவள். பிள்ளை கையாலேயே. எவ்வளவு நூதனமான பொறாமை பாருங்கள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏளா, இது அப்படியே மதினி மாதிரியே இருக்கே" என்று சிரித்தார். நானும் அதைத்தானே சொல்கிறேன், அதுதானே அவள் சூழ்ச்சி என்றேன். "உங்கிட்டப் பேச முடியாது" என்று பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆம்பளைகளுக்கு இதெல்லாம் எங்கே புரிகிறது?

ஆபீசில் எனக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்து ஒட்டுகிறவள் கோமதி. அவளுக்குப் புரிந்தது. லேபிளில் பசை தடவின கை அப்படியே நின்றுவிட்டது. "உருவம் செய்யறது விளையாட்டு இல்ல மாரி. பிள்ளையோட துணி, நகம், முடி ஏதாவது வச்சிருக்கான்னு பாரு" என்றாள். அவள் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. ஏனென்றால் இரண்டு நாள் முன்னால்தான் இவள் நெற்றி முடி ஒரு பக்கம் சாய்வாகக் குறைந்திருந்ததைப் பார்த்திருந்தேன். வேனில் எந்தப் பிள்ளையோ இழுத்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இந்தத் தொட்டி வேலைக்காக முனை மழுங்கின குட்டிக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேனே, அதைப் பத்திரமாகப் பையில் வைத்திருக்கிறாளா என்று பார்த்தபோதுதான் கவனித்தேன்.

அன்றைக்கு நாலு மணிக்கே கிளம்பப் பெர்மிஷன் கேட்டுவிட்டேன். வேன் வந்து கொஞ்ச நேரத்தில் நானும் வந்துவிட்டேன். செருப்பைத் தெருமுனையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். சும்மா, கல் குத்தியது.

மாடிப்படியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தொட்டி. கையில் காய் நறுக்குகிற கத்தி. அந்த முகத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள் அக்கா! மருவைச் சுரண்டி எடுத்தாகிவிட்டது, பல்லைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்திருக்கிறாள், மூக்கில் கத்தி நிற்கிறது. இவள் அவள் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அழுகிறாள். "வேண்டாம் பெரியம்மா, சுரண்டாத பெரியம்மா."

அதற்கு அவள் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். "கத்தாதடா குட்டி. உங்க அம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு கஷ்டப்படும். மூக்கைச் சின்னதாக்கிருவோம், அம்மா மூக்கு எப்படி எடுப்பா இருக்கும், அது மாதிரி."

தெரியக் கூடாதாம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஒரே தாவு. தொட்டியைப் பிடுங்கினேன். மண்டை விளிம்பில் கூழ் ஒரு இடத்தில் மேடாக இருந்தது. நகத்தால் கிண்டினேன். உள்ளே முடி. கறுப்பு நூல் சுற்றிக் கட்டின முடி. என் பிள்ளை முடி. எனக்குத் தெரியாதா, நான் எண்ணெய் தேய்க்கிற முடி.

"நான்தாம்மா வெட்டுனேன், நான்தான் ஒட்டுனேன்" என்று இவள் கத்துகிறாள். அவளைக் காப்பாற்ற இந்த வயசிலேயே பொய் சொல்கிறது பாருங்கள் பிள்ளை! எவ்வளவு தூரம் மயக்கி வைத்திருக்கிறாள்!

கோபத்தில் ஒரு வார்த்தை வந்தது. எல்லா வீட்டிலும் வருகிற வார்த்தைதான். என்ன வார்த்தை என்கிறீர்களா? பெறாத கை எம்பிள்ளை முடியைத் தொடக் கூடாது என்றேன். செய்வினை வைத்துப் பிள்ளையை இழுக்கிறியா என்றேன். மொட்டை போட்டதும் அதற்குத்தானா என்றேன். அவ்வளவுதான். தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். மாவுக்கு வந்தவர்கள்.

அவள் ஒன்றும் பேசவில்லை அக்கா. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. குற்றம் இல்லாதவள் என்றால் பேச வேண்டாமா? "நீ யாருடி என்னைச் சொல்ல" என்று மயிரைப் பிடித்திருக்க வேண்டாமா? எழுந்தாள். கத்தியைக் கழுவி வைத்தாள். மாவுக்கு வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள். முந்தானையைத் தலையில் இழுத்து மூடிக்கொண்டாள். இவளிடம் வந்து குனிந்து, "வாய் கழுவிட்டுப் பால் குடி" என்றாள். சாயங்காலப் பஸ்ஸில் கழுகுமலைக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

போனவள் போனவள்தான். அவள் வீட்டுக்காரர், எனக்குப் பெரிய அத்தான், அந்த மனுஷன் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. ஹோட்டலில் பொட்டலம் வாங்கிவந்து கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார். ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினேன், பாத்திரம் அப்படியே திரும்பி வந்தது. தெருவில் போனால் "மாவு அக்கா எப்ப வரும்?" என்று என்னைக் கேட்கிறார்கள். நான் என்ன பஸ் ஆபீசா? எனக்குத் தெரியும், அவர்கள் மாவுக்காகக் கேட்கவில்லை. என்னைக் குத்துவதற்குக் கேட்கிறார்கள்.

இவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அடம் பிடித்து அழுதால்கூட நாலு போடு போட்டுச் சோற்றை ஊட்டிவிடலாம். அழவும் இல்லை. வேனை விட்டு இறங்கி நேராகப் போய்ப் பூட்டின கதவுக்கு முன்னால், அந்த மாடிப்படியில் உட்கார்ந்துகொள்கிறாள். சீருடையைக்கூட மாற்றுவதில்லை. நான் வேலைவிட்டு வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டும். காய்ச்சலில் கிடந்தபோதுகூட இவ்வளவு லேசாக இல்லை இவள். தூக்கும்போது எனக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான் ஞாபகம் வருகிறது.

தொட்டியை நான் குப்பையில் போடப் போனேன். கட்டிப் பிடித்துக்கொண்டாள். "மரு இல்லாட்டி அது ராணி இல்லம்மா. ஒட்டித் தாம்மா" என்றாள். நாலைந்து நாளில் இவள் என்னிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். முழு உளுந்து ஒன்று எடுத்துப் பசை வைத்து ஒட்டிக் கொடுத்தேன். பல்லையும் தேடி எடுத்துச் செருகினேன். மூக்கையும் கூழ் வைத்து அகலமாக்கினேன். ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? பள்ளிக்கூடத்துக்குப் போகிற சாமான், சுரண்டின மூஞ்சியோடு அனுப்ப முடியுமா? நமக்குத்தானே கேவலம். கறுப்பு பெயின்டும் நான்தான் கலந்து அடித்தேன். கொஞ்சம் மஞ்சள் சேர்த்தால்தான் அவள் நிறம் வந்தது.

யார் நிறமா? ராணி நிறம்தான்.

கேழ்வரகை இவளே விதைத்தாள், நான் கிண்டி எடுத்த அந்த முடியையும் மறுபடி உள்ளே வைத்துக்கொண்டாள். விதையைப் பெரியம்மா போவதற்கு முன்னாலேயே பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தாளாம். பச்சைப் பசேல் என்று வந்துவிட்டது.

கண்காட்சி அன்றைக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு பிள்ளையும் மைக்கைப் பிடித்துத் தன் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று "என் கரடி" என்கிறது, இன்னொன்று ஒன்றுக்கு வருகிறது என்கிறது. ஒரே சிரிப்பு. இவள் முறை வந்தது. டீச்சர் கேட்டார், "தன்ஷிகா, இந்த ராணி யாரு? அம்மாவா?"

நான் முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டேன்.

"இது எங்க பெரியம்மா" என்றாள். "எனக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல, அப்ப அவங்க முடி எல்லாத்தையும் சாமிக்குக் குடுத்துட்டாங்க. அதான் நான் எம்முடியை உள்ள வச்சுருக்கேன், விதை மாதிரி. இப்ப முளைச்சிருச்சு. பெரியம்மாவுக்குத்தான் இன்னும் காட்டல. அவங்க ஊருக்குப் போயிட்டாங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்தில் ஒரு அம்மா மூக்கைத் துடைத்தார். எனக்கும் கண் எரிந்தது. எங்கே பார்த்தாலும் புதுப் பெயின்டு, அந்த வாசனை எனக்கு ஒத்துக்கொள்ளாது.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா அக்கா? இவ்வளவு கோர்வையாக ஒரு பிள்ளை தானாகப் பேசுமா? யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஆனால் யார்? அவள்தான் ஊரிலேயே இல்லை. போனில் பேசினாளா என்றால், போன் என்னிடம்தான் இருக்கிறது. அதையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். வழியே பிடிபடவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்த என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "சொல்லிக்குடுக்காமலே பேசுறதுக்குப் பேரு என்னன்னு உனக்குத் தெரியாதா மாரி?" என்றார். அவரும் அவர்கள் பக்கம்தான்.

நேற்று அவளுக்குப் போன் போட்டேன். பேசுவதற்கு இல்லை, நம்பர் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க. மணி அடிக்கும்போதே நிறுத்திவிட்டேன். உடனே திருப்பி அடித்தாள். எடுத்தால், மூச்சு வாங்குகிறது அவளுக்கு. "மாரி, குட்டிக்கு உடம்புக்கு ஏதுமா?" என்றாள். பாருங்கள், முதல் வார்த்தையே பிள்ளைதான். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டாளா? நான் பதில் சொல்லாமலே நின்றேன். "மாரி... மாரி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம், "சரித்தா, நல்லா இருந்தாச் சரி" என்று அவளே வைத்துவிட்டாள். அதில் ஏதோ உள்ளர்த்தம் இருக்கிறது. நானும் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன், கிடைக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். விசாரிக்கத்தான் போகிறேன். நேருக்கு நேர் நிறுத்தி நாலு கேள்வி கேட்டால் முகத்திலேயே தெரிந்துவிடும். பிள்ளை உன்னை ராணியாக்கினால் ஆக்கிவிட்டுப் போகட்டும், நீ எதற்குக் கத்தியை எடுத்து உன் முகத்தையே சுரண்டினாய்? எனக்கு மனசு கஷ்டப்படும் என்றால் அதில் உனக்கு என்ன வந்தது? நான் அவ்வளவு பேசினபோது நீ ஏன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை? பேசியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும் இல்லையா? என்னைக் கெட்டவள் ஆக்கிவிட்டு நீ மட்டும் நல்லவளாக பஸ் ஏறிப் போய்விடுவாயா? எல்லாம் கேட்பேன். வரிசையாக யோசித்து வைத்திருக்கிறேன். ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். நடுவில் நடுவில் வரிசை தப்பிப்போகிறது, அதுதான் இன்னொரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும்.

நீங்களே சொல்லுங்கள், முதலில் எதைக் கேட்கலாம்? கத்தியிலிருந்து தொடங்கலாமா? இல்லை, அந்தக் கிரைண்டரிலிருந்தா? நீங்கள் பேசாமலே வருகிறீர்கள். ஒருவேளை அவளைத் தெரியுமோ உங்களுக்கு? கழுகுமலையில் சொந்தம் ஏதும் உண்டா?

மலை தெரிகிறது பாருங்கள். அடுத்த நிறுத்தம் நாங்கள்தான். ஏ தன்ஷிகா, எழுந்திரிடி, முகத்தைத் துடை. தூங்கவே இல்லையா நீ? எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் வந்தாயா? என்ன, காதில் சொல்லணுமா? பரவாயில்லை, சத்தமாகவே சொல், இந்த அக்கா நம்ம அக்காதான்.

"அம்மா, அங்க போயி நீ ஒண்ணும் கேக்காதம்மா. 'வாங்கக்கா, வீட்டுக்குப் போவோம்'னு அதை மட்டும் சொல்லும்மா."